ஐந்து மாதத்தில் 2.4 கிலோதான்: 64 வயதில் சலிப்பில்லாமல் தொடர்வது எப்படி?

காவிரிக்கரை:

வயது 64, பெண், உயரம் 152 செ.மீ. ஐந்து மாதத்துக்கு முன் 74 கிலோ, இப்போது 71.6. தினமும் காலை 40 நிமிடம் நடை. சர்க்கரைக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும், தைராய்டுக்குத் தைராக்ஸின். சைவம், முட்டை உண்டு. மூன்று வாரமாக எடை 71.4-க்கும் 72.3-க்கும் நடுவே ஊசலாடுகிறது. காலையில் தராசில் ஏறி இறங்கினாலே அன்றைக்கு நடக்கும் ஆசை போய்விடுகிறது.

எடை இறங்குவது நின்றுவிட்டதா? இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் வேகம் கூடுமா? எடையைத் தவிர வேறு எதைப் பார்த்து உற்சாகம் கொள்வது? "மனசை விடாதீங்க" வகை ஆறுதல் வேண்டாம், செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

தராசுத்தட்டு:

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். உங்கள் 2.4 கிலோவுக்கு 18,480. அதை 150 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 123 கலோரி. ஒரு மெதுவடைதான்.

எடையில் சொன்னால் உங்கள் உடம்பிலிருந்து ஒரு நாளைக்குப் போவது 16 கிராம். வீட்டுத் தராசு 100 கிராமுக்குக் கீழே காட்டாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலே 200 கிராம் ஏறும். இதே வேகத்தில் மூன்று வாரத்துக்கு இறங்க வேண்டியது 340 கிராம். ஊசலாட்டமோ 900 கிராம். 340 கிராம் இறங்கியிருந்தாலும் அது உங்கள் கண்ணில் படாது. எடை நின்றுவிட்டது என்று சொல்ல இன்னும் ஆதாரமே இல்லை.

இந்த 900 கிராம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி எரிச்சல் போகும். முந்தின இரவு வற்றல் குழம்பும் அப்பளமும் என்றால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கல்யாணச் சாப்பாடு முடிந்த மறுநாளும் அப்படியே. உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது கிராமுக்கு 3 கிராம் அளவில் தண்ணீரையும் சேர்த்தே வைக்கும். இரண்டு நாள் மலச்சிக்கல் இருந்தால் அதுவும் தராசில் தெரியும். இதில் எதுவும் கொழுப்பு இல்லை.

எடை பார்க்கும் முறை: காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபிக்கு முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில். தராசு தளம் பதித்த கெட்டித் தரையில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாய், மிதியடி மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன வாரத்தோடு ஒப்பிட வேண்டாம், நாலு வாரத்துக்கு முந்தையதோடு ஒப்பிடுங்கள்.

வேகம் சரிதானா என்றால், உங்கள் வயதுக்கு மாதம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை நல்ல வேகம். ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தி 20 வயதிலிருந்து 60 வரை பெரிதாக மாறுவதில்லை, 60-க்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது என்பது 2021-ல் வெளியான பெரிய ஆய்வின் கணக்கு. உங்கள் உயரம், எடை, வயதுக்கு ஒரு நாள் மொத்தச் செலவே 1,600 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். 30 வயது ஆள் 500 கலோரி குறைப்பதைப் பார்த்து நீங்களும் செய்தால் தட்டில் சத்துக்கு இடம் இருக்காது.

படிக்கட்டு:

தராசுத்தட்டு சொல்வது கணக்குக்குச் சரி, மனசுக்குச் சரியில்லை. எண் பார்த்ததும் நடை நின்றுபோகிறது என்று எழுதியவரிடம் தினமும் ஏறச் சொல்கிறீர்களே? ஞாயிறு ஒரு நாள் பார்த்தால் போதாதா?

தராசுத்தட்டு:

வாரம் ஒரு தடவை பார்ப்பதில் சிக்கல் இன்னும் அதிகம். அந்த ஒரு ஞாயிறு, சனிக்கிழமை விருந்துக்கு மறுநாளாக அமைந்துவிட்டால்? ஒரு தப்பான எண் ஒரு வாரத்தைக் கெடுத்துவிடும். வழி இருக்கிறது: அம்மா தராசில் ஏறி நேரே பார்த்துக்கொள்ளட்டும், வீட்டில் வேறு யாராவது எண்ணைக் குறித்து வைக்கட்டும். ஒன்றாம் தேதி சராசரியை மட்டும் கேட்டால் போதும். தீபாவளி, பொங்கல் முடிந்து ஐந்து நாள் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

சுண்டல்:

அம்மா, எடையை விட்டுட்டுத் தசையைப் பாருங்க. அறுபதுக்கு மேல சாப்பாட்டை மட்டும் குறைச்சு இளைச்சா, போற எடையில கால் பங்குக்கு மேலகூடத் தசையாப் போயிடும். தராசு அதைக் கொழுப்பு, தசைன்னு பிரிச்சுச் சொல்லாது. அஞ்சு கிலோ குறைஞ்சும் தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலைன்னா அது என்ன இளைப்பு?

இதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி இல்லாத மரநாற்காலி, 17 அங்குல உயரம், முதுகுப்பக்கம் சுவரோட ஒட்டி இருக்கணும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில வழுக்கும், வேண்டாம். கையை மார்பில குறுக்கே கட்டிக்கிட்டு எழுந்து, முழுசா நின்னு, திரும்ப உட்காரணும். 30 விநாடியில எத்தனை தடவைன்னு எண்ணுங்க. 60-64 வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழன்னா சராசரிக்குக் குறைவு. 65-69-க்கு அந்த எல்லை 11. மாசம் ஒரு தடவை இந்த எண்ணை எழுதி வைங்க. எடை அசையாத மாசத்துலகூட இது 9-லேர்ந்து 11-க்குப் போகும்.

பயிற்சியா செய்யறது வாரம் மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 8 தடவை, ரெண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி 8. பொத்துனு விழுந்து உட்காராதீங்க, இறங்கும்போது மூணு எண்ணுங்க, தசைக்கு வேலையே அங்கதான். மூச்சை அடக்கினா ரத்த அழுத்தம் ஏறும், எழுந்திருக்கும்போது மூச்சை விடுங்க. முட்டி வலிச்சா மடிச்ச போர்வையைப் போட்டு உட்காருமிடத்தை உயர்த்துங்க. கூடவே சுவரில கை ஊன்றித் தள்றது 10, சமையல் மேடையைப் பிடிச்சுக் குதிகாலைத் தூக்கறது 10. மொத்தம் கால் மணி நேரம்.

ஒரு எச்சரிக்கை. புதுசா ஆரம்பிச்ச ரெண்டு வாரம் தசையில நீர் கோத்து எடை அரைக் கிலோ ஏறலாம். நிறையப் பேர் "பயிற்சி செஞ்சு குண்டாயிட்டேன்"னு அங்கதான் விடுவாங்க.

ரெண்டாவது புரதம். உங்களுக்கு நாளைக்கு 60-65 கிராம் வேணும். காலையில மூணு இட்லி சாம்பார், மதியம் சாதம் குழம்பு தயிர், ராத்திரி ரெண்டு தோசைன்னா 40-ஐத் தாண்டாது. முட்டை ஒண்ணுல 6 கிராம். வேகாத கொண்டைக்கடலை 40 கிராம் ஊறவெச்சுச் சுண்டல் பண்ணா 8. மீல்மேக்கர் காய்ஞ்சது 20 கிராம்னா 10. பால் 200 மில்லிக்கு 6. இதை இருக்கிற சாப்பாட்டுக்கு மேல சேர்க்கக் கூடாது. ஒரு இட்லியோ ஒரு கரண்டி சாதமோ குறைச்சுட்டு அந்த இடத்துல வைங்க. கிரியேட்டினின் அதிகம், சிறுநீரகக் கோளாறுன்னு டாக்டர் சொல்லியிருந்தா மட்டும் அவரைக் கேட்காம கூட்டாதீங்க.

மாத்திரைப்பெட்டி:

இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அதுதான் அவசரம். நிறுத்தாதீர்கள்.

கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இரவு வெறும் வயிறு, விடியலில் 40 நிமிட நடை என்றால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்க நல்ல வாய்ப்பு. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நடக்கும்போது பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். எடை குறையக் குறைய இந்த மாத்திரையின் அளவும் குறைய வேண்டி வரலாம். அடிக்கடி சர்க்கரை இறங்கி, அதைச் சரிசெய்யத் தின்றே எடை நின்றுபோவதும் உண்டு. டாக்டரிடம் "எடை குறைக்க முயல்கிறேன், மாத்திரையை மாற்ற முடியுமா" என்று நேராகக் கேளுங்கள். கிளிமிபிரைடு வகையும் இன்சுலினும் எடையைச் சற்று ஏற்றக்கூடியவை, மெட்பார்மின் அப்படி இல்லை.

தைராக்ஸின்: வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. சுண்ணாம்பு, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. மாத்திரை தொண்டையில் இறங்கியதும் டபரா செட்டைக் கையில் எடுக்கும் வீடுகளில் மருந்து சரியாக உடம்பில் சேராது, அசதியும் போகாது. மெட்பார்மினைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர், அதுவும் சைவம் என்றால், பி12 அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நடக்கத் தெம்பில்லாததைச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

காவிரிக்கரை:

நன்றி. இரவுச் சாப்பாட்டை விடவில்லை. ஆனால் குறைக்க இன்னும் எங்கே இடம் இருக்கிறது என்று தெரியவில்லை. மதியம் ஒரு கப் சாதம்தான், இரவு சப்பாத்தி இரண்டு. இனிப்பு இல்லை. மாலையில் காபியோடு மேரி பிஸ்கட் நாலு, எப்போதாவது ஒரு கை வேர்க்கடலை.

எண்ணெய்ச்சட்டி:

மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? எத்தனை பேர்?

காவிரிக்கரை:

மூன்று பேர். நாலு லிட்டர், நெய் தனி.

எண்ணெய்ச்சட்டி:

இடம் அங்கேதான் இருக்கிறது. 4,000 மில்லியை மூன்று பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளுக்கு 44 மில்லி. எடையில் 40 கிராம், 365 கலோரி. இரண்டரை லிட்டராக்கினால் 230. மிச்சம் 135 கலோரி. தராசுத்தட்டு போட்ட 123-க்கு மேல் இது சேர்ந்தால் மாதம் அரை கிலோ ஒரு கிலோ ஆகும். சாதத்தில் ஒரு பருக்கை குறைக்க வேண்டாம்.

ஒன்றாம் தேதியே இரண்டரை லிட்டரைத் தனி டப்பாவில் ஊற்றிவிடுங்கள், மீதி பரண்மேல் போகட்டும். எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராக வாணலியில் சாய்ப்பது நிற்க வேண்டும், 5 மில்லி கரண்டியால் எண்ணி விடுங்கள். சாம்பார் தாளிக்க ஒரு கரண்டி போதும், மூன்று கரண்டி ஊற்றினாலும் கடுகு அதே மாதிரிதான் வெடிக்கும். பொரியலை ஆவியில் வேகவைத்துக் கடைசியில் தாளியுங்கள். தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும். பழைய இரும்புக்கல் என்றால் ஒட்டாது, புதுக்கல் முதல் பத்து நாள் சண்டை போடும். அப்பளத்தைச் சுட்டுக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலை 30 கிராமே 170 கலோரி, அந்த ஒரு கையில் உங்கள் 123 முழுதும் போய்விடுகிறது. மேரி நாலு 100 கலோரி. சுண்டலை மாலை நாலு மணிக்கு நகர்த்திவிட்டால் இரண்டுக்கும் வேலை இல்லை. சப்பாத்தி இளைக்க வைக்கும் என்பதும் சிறுதானியத்தில் கலோரி குறைவு என்பதும் நம் வீடுகளின் செல்ல நம்பிக்கைகள். அரிசி, கோதுமை, கம்பு, கேழ்வரகு எல்லாமே காய்ந்த எடையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 320-350 கலோரிக்குள்தான். சப்பாத்தியிலும் சிறுதானியத்திலும் நார்ச்சத்து கூடுதல் என்பதால் பசி தாங்கும், அவ்வளவுதான்.

படிக்கட்டு:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே குறியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எழுத்து: நடந்தால் "ந", நாற்காலி செய்தால் "நா", சுண்டல், முட்டை வகை சாப்பிட்டால் "பு". எடையை அங்கே எழுத வேண்டாம். தராசு உங்கள் பேச்சைக் கேட்காது, இந்த மூன்று எழுத்தும் உங்கள் கையில் இருக்கின்றன. மாதத்தில் 25 "ந" இருந்தால் அது நல்ல மாதம். ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, தொடர்ந்து இரண்டு நாள் விடுவதில்லை என்பது மட்டும் விதி. மழை நாளில் வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்தாலும் "ந" போடலாம்.

இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளங்கள். புடவைக் கட்டுக்கு மேல் அளந்தால் கணக்கில் வராது. நம்மவர்களில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 எல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி. அதற்கு முன் பார்த்துப் பயனில்லை, அது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி.

முட்டிக்கு ஒரு கணக்கு: எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் சுமை நாலு கிலோ குறைகிறது. உங்கள் 2.4-க்கு அடிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ. 40 நிமிட நடையில் எத்தனை ஆயிரம் அடி! தொடக்க எடையில் 5 சதவீதம், உங்களுக்கு 70.3 கிலோ, அதைத் தொட்டாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்குவது பலருக்குக் கண்கூடு. 1.3 கிலோதான் பாக்கி. 60 கிலோவைக் குறியாக வைத்துக்கொண்டு இப்போதே ஏங்காதீர்கள்.

முகம் முதலில் வற்றும். "என்ன இப்படி இளைச்சுட்டீங்க, சுகர் ஏறிடுச்சா?" என்று தெருவில் நாலு பேர் கேட்பார்கள். "நானாத்தான் குறைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மாத்திரைப்பெட்டி:

அந்தத் தெருக்காரர்கள் கேட்பது சரியாக இருக்கும் நேரமும் உண்டு. முயற்சி எதுவும் இல்லாமலே ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் இறங்கினால் டாக்டரிடம் போக வேண்டும். மாறாக, ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறினால் அது உப்பு, அப்பளம் விவகாரம் இல்லை. இதயத்தைப் பார்க்க அன்றே போங்கள்.

காவிரிக்கரை:

நாற்காலி இப்போதுதான் செய்து பார்த்தேன், 30 விநாடியில் 9. எண்ணெயை அளந்து ஊற்றியாயிற்று. ஒரு சந்தேகம்: தசையில் நீர் கோக்கும் அந்த இரண்டு வாரத்தைச் சராசரியில் சேர்ப்பதா, விட்டுவிடுவதா?

தராசுத்தட்டு:

எழுதி வையுங்கள், ஒப்பிட வேண்டாம். மூன்றாவது வாரச் சராசரியைப் புதுத் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து நாலு வாரம் எண்ணுங்கள்.