காலணி வடிவமைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்: ஒரு சேலத்துக்காரியின் அனுபவம்

காலணி வடிவமைப்பு படிக்கலாமா என்று சேலத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் நீட்டுவது ஓவிய நோட்டைத்தான். அதில் ஷூவின் பக்கவாட்டுப் படம் அழகாக இருக்கும். என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. ஆனால் இந்த வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்பதைச் சில மனிதர்கள்தான் காட்டினார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் ஓர் அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "புதுசைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது பாப்பா, தேஞ்சதைப் பாரு" என்றார். ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் வெளிப்பக்க ஓரம்தான் முதலில் தேய்கிறது. சிலருக்கு உட்பக்கம் தேயும். அவர்கள் பாதத்தை உள்பக்கம் சாய்த்து நடப்பவர்கள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வார் இறங்கும் துளை அடிக்கடி கிழிந்து வரும். எட்டு வைக்கும்போதெல்லாம் இழுவை முழுக்க அங்கேதான் விழுகிறது. அவர் அடியில் ஒரு தோல் துண்டு வைத்துத் தைப்பார். பின்னால் வகுப்பில் இதையே பாடமாகப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீடு அம்மாப்பேட்டை. பெரியப்பா கேட்டார்: "நெசவு செய்யற வீட்டுல பொறந்துட்டு செருப்பு வேலைக்கா போற?" அந்தக் கேள்விக்குள் இருப்பது சாதி, வேறொன்றும் இல்லை. இதே மனிதர்கள், அந்த அண்ணனின் மகன் வேறு வேலை தேடியபோது அதற்கும் முகம் சுளித்தார்கள். இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது. வீட்டில் இப்படிப் பேச்சு வாங்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பின்வாங்காதீர்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, எஃப்.டி.டி.ஐ. (காலணி வடிவமைப்பு, மேம்பாட்டு நிறுவனம்) 1986-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 2017-இல் வந்த சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. நமக்குப் பக்கத்து வளாகம் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நுழைவுத் தேர்வு எழுதினால் நான்கு வருட பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பு படிக்கலாம். சீக்கிரம் கைவேலை கற்க வேண்டுமானால் கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

அப்புறம் ஆம்பூர். சேலத்தில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை, வாணியம்பாடி தாண்டி வரும், ஷூ தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே மாதிரி ஷூ செய்து பார்க்கும் சாம்பிள் ரூமின் மாஸ்டர் ஒருவர் என் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு லாஸ்டையும் மாஸ்கிங் டேப்பையும் கையில் கொடுத்தார். லாஸ்ட் என்பது பாத வடிவில் இருக்கும் அச்சு. "இது மேல வரைம்மா." டேப்பை ஒட்டி, கோடு போட்டு, உரித்து அட்டையில் பரப்பினால் சில இடங்களில் படியவே படியாது. அங்கேதான் வெட்டு வரும், தையல் வரும். அழகுக்கு என்று நான் நினைத்திருந்த பல கோடுகளுக்கு இதுதான் காரணம். தோலின் வயிற்றுப் பகுதி அதிகம் இழுபடும், ஷூவின் முன்பகுதிக்கு அதைத் தொடாதே என்பதும் அவர் சொன்னதுதான்.

எல்லோரையும்விட என்னை மாற்றியவர் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஓர் அக்கா. ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் நின்றார். "முன்னால நெரிக்குது, பின்னால வழுக்குது. இதைப் போட்டுக்கிட்டு மேட்டுல எப்படி ஏர்றது?" வெறுங்காலில் நடந்து வளர்ந்த பாதம் விரல் பக்கம் நன்றாக விரிந்திருக்கும். அகலம் போதாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். ஆங்கில அளவில் ஒரு சைஸ் கூடினால் நீளம் கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர் கூடும். அகலம் கொஞ்சம்தான் கூடும். குதிகால் உள்ளே ஆடும். ஈரச் சரிவில், முதுகில் மூட்டையோடு, அது ஆபத்து. கடையில் நீளத்துக்கு எண் உண்டு, அகலத்துக்குக் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் வேலை முடிந்த நேரத்தில் போய், அங்கிருந்த பெண்களின் பாதங்களைச் செய்தித்தாளில் வரைந்து, விரல் மேட்டின் (விரல்கள் தொடங்கும் அகலமான இடத்தின்) சுற்றளவும் எடுத்து வந்தேன். முன்பக்கம் அகலமாக, குதிகால் ஒடுக்கமாக ஒரு லாஸ்ட் செய்து வாங்கியாயிற்று. முதல் சாம்பிளில் விரல்கள் தாராளமாக உட்கார்ந்தன. மேடு ஏறும்போது குதிகால் இன்னும் தூக்குகிறது. அந்த இடத்தை இறுக்கி அடுத்த சாம்பிளுக்குக் கொடுத்திருக்கிறேன். பறிப்பு முடிவதற்குள் கொண்டு வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.