பங்களாதேஷ் கார்மெண்ட்ஸ்ல வேலை பார்த்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

திருப்பூர்ல எங்க போனாலும் இந்தப் பேச்சுதானுங்க, "பங்களாதேஷ்காரன் நம்ம ஆர்டரத் தூக்கிட்டான், அங்க கூலி கம்மி". கூலி கம்மிங்கறது நெசந்தான். ஆனா அது ஒண்ணுனால மட்டும் அந்த ஊரு மேல வரலைங்க. 2001லருந்து அவங்க துணி ஐரோப்பாவுக்கு வரியில்லாம போகுது, நம்ம துணிக்கு 9 சதவீதத்துக்கு மேல வரி கட்டி அனுப்பிட்டு இருந்தோம். அதுக்கும் ரொம்ப முன்னாடியே, 1979ல சிட்டகாங் தேஷ் கார்மெண்ட்ஸ் கம்பெனி கொரியாவோட டேவூ கூட சேந்து 130 பேர அங்க அனுப்பி ஆறு மாசம் தொழில் கத்துட்டு வர வச்சுது. திரும்பி வந்தவங்கள்ல 115 பேரு அடுத்த சில வருசத்துலயே வெளிய வந்து சிலர் சொந்தமா கம்பெனி போட்டாங்க, சிலர் மத்த கம்பெனிகளுக்குப் போயி அங்க இருந்தவங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. அப்படிப் பரவுனதுதான் இன்னைக்கு அந்த நாட்டு ஏற்றுமதில 80 சதவீதத்துக்கு மேல நிக்குது, 40 லட்சம் பேருக்குப் பக்கம் இதுல வேலை பாக்குறாங்க.

நான் தலைநகர் பக்கத்துல காஜிபூர்ல ஒரு கம்பெனில குவாலிட்டி பாத்தேன். நம்ம ஆளுங்களும் ஸ்ரீலங்கா ஆளுங்களும் அங்க மேனேஜர், டெக்னீசியன்னு நிறைய பேர் இருப்பாங்க. நான் சொல்ல வந்தது லைன்ல இருந்த பொண்ணுங்களப் பத்திதான். மதியம் பெல் அடிச்சதும் எல்லாரும் சாப்பிட வீட்டுக்கு ஓடுவாங்க, பக்கத்துலயே தகரக் கூரை போட்ட லைன் வீடு, வரிசையா பத்துப் பன்னெண்டு ரூமு, அத்தனை ரூமுக்கும் பொதுவா ரெண்டு மூணு அடுப்பு. அந்த நேரத்துல ஹெல்பர் பொண்ணுங்க சிலர் மட்டும் வேகவேகமா தின்னுட்டு வந்து காலியா கெடக்குற ஓவர்லாக் மெசின்ல வேஸ்ட் துணிய வச்சு ஓட்டிப் பழகிட்டு இருப்பாங்க. யாரும் சொல்லிக் குடுக்கறது இல்ல, காலைல ஆபரேட்டர் பக்கத்துல நின்னு நூல் வெட்டும்போது கண்ணால பாத்து வச்சதுதான். நம்மூர்ல கைமடியா, அதான் ஹெல்பரா, சேந்த பொண்ணு டெய்லர் ஆவுற மாதிரியே.

ரங்பூர் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, அந்த வடக்கு ஜில்லாவெல்லாம் நெல்லு அறுப்புக்கு முந்துன மாசங்கள்ல வேலையும் இல்லாம சோறும் இல்லாம கெடந்த ஊருங்க, அது இப்படித்தான் பழகி ஆபரேட்டர் ஆச்சு. மொத மாசம் ஆபரேட்டர் சம்பளம் வாங்குன அன்னைக்கு என்ன பண்ணப் போறம்மான்னு கேட்டேன். "ஊர்ல தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுறாங்க பாய், அவ பத்தாவது முடிக்கிற வரைக்கும் பேச்சே எடுக்கக்கூடாது, எடுத்தா பணம் அனுப்ப மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்"னு சொல்லுச்சு. இருவது வயசு கூட இருக்காது. எனக்கு சிலிர்த்துப் போச்சு. அப்பாகிட்ட அப்படிப் பேசுற தைரியம் அந்த மெசின்ல இருந்து வந்துச்சுங்க, நான் அத மனசார நம்புறேன். கவர்மெண்ட்டும் 1994லருந்து கிராமத்துல ஹைஸ்கூல் படிக்கிற பொண்ணுங்களுக்கு உதவித்தொகை குடுத்துச்சு, கல்யாணம் ஆகாம இருந்தாதான் அந்தக் காசு. ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் கார்மெண்ட்ஸ் சம்பளம். 70கள்ல ஒரு பொம்பளைக்கு ஆறு பிள்ளைக்கு மேலன்னு இருந்த நாட்டுல இப்ப சராசரி ரெண்டு சொச்சம், பிரச்சாரம் பண்ணி மட்டும் இது நடந்திருக்காதுங்க.

வேற யாராவது அங்க இருந்திருந்தா எழுதுங்க.

*

அண்ணா, நீங்க எழுதினது அத்தனையும் உண்மை, ஆனா இன்னொரு பக்கமும் வேணும். நான் கோயம்புத்தூர், துணி வாங்குற பையர் சார்பா கம்பெனிகள ஆடிட் பண்ணப் போற வேலை, சாவர், ஆஷுலியா பக்கம் ராணா பிளாசாங்கற கார்மெண்ட்ஸ் கட்டடம் இடிஞ்சு விழுந்ததுக்கு அப்புறம் போக ஆரம்பிச்சேன். 2013 ஏப்ரல் 24, 1,100 பேருக்கு மேல செத்தாங்க. முந்தின நாளே சுவத்துல விரிசல் வந்து கீழ இருந்த பேங்க், கடை எல்லாம் மூடிட்டாங்க, மேல இருந்த கார்மெண்ட்ஸ் ஆளுங்கள மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னாங்க, வரலேன்னா சம்பளம் பிடிப்போம்னு மிரட்டினதா பொழச்சு வந்தவங்க சொன்னாங்க. இத நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

அதுக்கப்புறம் அக்கார்டுன்னு கட்டடம், தீ பாதுகாப்புக்கான ஒப்பந்தம் வந்து நிறைய மாறுச்சு, நானே பாத்தேன். படிக்கட்டுல இழுத்துப் பூட்டுற இரும்பு கேட்டக் கழட்டிட்டு தீ தாங்கற கதவு போட்டாங்க, ஒவ்வொரு மாடிலயும் எவ்வளவு வெயிட் வைக்கலாம்னு எழுதி மாட்டினாங்க. சம்பளந்தான் இழுபறி. 2013ல மாசத்துக்குக் குறைஞ்சபட்சம் 5,300 டாக்கா (அவங்க நாட்டுக் காசு), 2018ல 8,000, 2023ல 23,000 கேட்டு ரோட்டுக்கு வந்தாங்க, கெடச்சது 12,500. அந்தப் போராட்டத்துல உயிர் போனவங்களும் இருக்காங்க. சம்பளம் ஏறுன அடுத்த மாசமே நீங்க சொன்ன அந்தத் தகர வீட்டு வாடகையும் ஏறிடும்.

இன்னொண்ணு. 2020 கொரோனால கவர்மெண்ட் கம்பெனிகளுக்கு 5,000 கோடி டாக்கா கடன் குடுத்து, தொழிலாளி சம்பளத்த பேங்க் இல்ல பிகாஷ் மாதிரி மொபைல் கணக்குலதான் போடணும்னு சொன்னாங்க, அப்பதான் லட்சக்கணக்கான பொண்ணுங்களுக்கு சொந்தமா கணக்கு வந்துச்சு. ஆடிட்ல நாங்க தனியா உக்கார வச்சுப் பேசுவோம், சூப்பர்வைசர் யாரும் இருக்க மாட்டாங்க. பின் நம்பர் யாருக்குத் தெரியும்னு கேப்பேன். ஒரு அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, போன் வீட்டுக்காரர்கிட்டதான் இருக்கு, சம்பளம் வந்த மெசேஜையே அவர்தான் பாப்பார்னு சொன்னாங்க. அவங்களுக்குப் பக்கத்து டேபிள்ல வேலை செய்ற பொண்ணு மாசாமாசம் அம்மாவுக்கு அனுப்பிட்டு மீதிய தானே சேத்து வச்சு ஊர்ல மாடு வாங்கியிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம். அதனால வேலை குடுத்துட்டா பொம்பளைங்க வாழ்க்கை தானா மாறிடும்னு எழுதுறவங்கள எனக்குப் பிடிக்கல, போன் யார் கைல இருக்குங்கறத கேக்கணும்.

*

நான் இலங்கையில வன்னி. உங்கட கதையள வாசிக்கேக்க எங்கட ஊர் தான் ஞாபகம் வருது. கட்டுநாயக்காவில வர்த்தக வலயம் 1978லயே தொடங்கினது, ஆனா எங்கட பக்கம் கார்மென்ட் வந்தது யுத்தம் முடிஞ்சாப் பிறகுதான். புருசனை இழந்த பெண்கள் தான் குடும்பத்தைப் பாக்கிற நிலைமை, வேற வேலையும் இல்லை. விடிய அஞ்சு மணிக்கே பஸ் வந்து ஒழுங்கை வாசல்ல நிண்டு ஏத்தும். என்ர ஒண்டுவிட்ட அக்காவும் போனவா. "கார்மென்டுக்குப் போற பிள்ளையள்" எண்டு சனம் கண்டபடி கதைச்சது, கலியாணம் பேசி வந்தாலும் அதைச் சொல்லித்தான் குறைச்சவை. அந்தக் காசில தான் அவா வீட்டுக்குக் கிணறு கட்டினவா, ரெண்டு பிள்ளையளையும் படிப்பிச்சவா. இப்ப முதுகு நோ, இருந்தெழும்ப ஏலாது. அதுக்கு நட்டஈடு எண்டு ஒண்டும் இல்லை, யாரும் கேக்கவும் இல்லை.

*

தங்கச்சி சொன்ன போன் விசயமும் வன்னிச் சகோதரி எழுதுனதும் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு இருந்தேனுங்க. முதுகு வலி எங்க லைன்லயும் உண்டு, முப்பத்தஞ்சு வயசு தாண்டுன ஆபரேட்டரப் பாக்கறதே அபூர்வம். அதுக்கு அப்புறம் அவங்க எங்க போறாங்கன்னு கம்பெனிக்கும் தெரியாது, துணி வாங்குற பையருக்கும் தெரியாது. இப்ப இன்னொரு மாற்றமும் நடக்குது, ஆரம்பத்துல லைன்ல பத்துக்கு எட்டுப் பேரு பொண்ணுங்க, இப்ப அது ஆறுக்குப் பக்கம் வந்துடுச்சு, புது மெசின் வந்தா அத ஓட்டக் கத்துக் குடுக்கறது முதல்ல ஆம்பளைங்களுக்குத்தான். 2026 நவம்பர்ல ஏழை நாடுங்கற பட்டியல்ல இருந்து பங்களாதேஷ் வெளிய வரணும்னு ஐ.நா.ல நாள் குறிச்சாங்க, ஐரோப்பா வரிச்சலுகை அதுக்கப்புறம் மூணு வருசந்தான்னு கணக்கு. சலுகை போச்சுன்னா பையர் வெலையக் கொறைக்கச் சொல்லுவான், கம்பெனி அந்தக் கொறைச்சல லைன் மேலதான் எறக்கும். ஆஷுலியா, நாராயண்கஞ்ச் பக்கம் இப்ப இருக்கற நம்ம ஆளுங்க யாராவது, வயசாயி வெளிய வந்த ஆபரேட்டருங்க என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சா எழுதுங்க. ஊருக்குப் போயி தையல் கடை போட்டவங்க ரெண்டு மூணு பேர எனக்குத் தெரியும், மத்தவங்களப் பத்தித்தான் கேக்குறேன்.