என்டி-ப்ரோபிஎன்பி அளவு குறித்து விளக்கம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இதயச் செயலிழப்புக்காகச் சகூபிட்ரில்-வால்சார்ட்டன் மாத்திரை எடுத்துவரும் என் அப்பாவின் ரத்தப் பரிசோதனையில், இதயத்தின் சுமை கூடும்போது ரத்தத்தில் உயரும் இரு பொருள்களில் என்டி-ப்ரோபிஎன்பி குறைந்திருக்க, பிஎன்பி மட்டும் கூடியிருக்கிறது. பிஎன்பியைச் சிதைக்கும் நெப்ரிலைசின் நொதியை இம்மருந்து தடுப்பதால் அது உயரக்கூடும் என்பதும், அந்நொதியால் சிதையாத என்டி-ப்ரோபிஎன்பியே இந்நிலையில் நம்பத்தக்கது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அவருக்கு 1.9 (இயல்பைவிட அதிகம்), சிறுநீரகம் தளர்ந்தாலே என்டி-ப்ரோபிஎன்பியும் ஏறிவிடும். புறநோயாளிகளுக்கான மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராம் என்ற என்டி-ப்ரோபிஎன்பி வரம்போ நோய் இல்லையென்று விலக்குவதற்கானது, தீவிரத்தை அளப்பதற்கானதன்று. கணுக்கால் வீக்கத்தில் விரலால் அழுத்தினால் இன்னும் குழி விழுகிறது என்பதுதான் என் கவலை. சிறுநீரகக் குறைபாடும் உள்ளவருக்கு முந்தைய அளவிலிருந்து எவ்வளவு குறைந்தால் உண்மையான முன்னேற்றமாகக் கொள்ளலாம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதை இக்குழுவிலுள்ள இதய மருத்துவர்களும் ஆய்வகத் துறையினரும் அன்புகூர்ந்து விளக்குங்கள். அடுத்த சந்திப்பில் எங்கள் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்க அது பெரிதும் உதவும்.