சுவரில் ஓதம்: தண்ணீர் எங்கிருந்து வந்தது? உங்கள் அனுபவம்

மடிப்பாக்கம்வாசி:
படுக்கையறைச் சுவரில் ஓரடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உப்பு பூத்தது ஐப்பசி மழையில்தான். அதனால் எல்லோரும் மழைமேலேயே பழியைப் போட்டார்கள். பெயின்டர் சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்துக் கொடுத்தார். தை முடிவதற்குள் அதே இடம் மறுபடி உப்பியது. (பெயின்டரிடம் ஓதம் என்று சொன்னால் பதில் பெயிண்டாகத்தானே இருக்கும்!)

சந்தேகம் வந்தது அக்னி நட்சத்திரத்தில். மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை, சுவரோ நசநசவென்று இருக்கிறது. அப்போ மழை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். பிளம்பர் முதலில் தரையைச் சோதித்தார். வடிகால் ஓட்டையைத் துணியால் அடைத்து, ஓரங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டுப் போனார். காலையில் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. தரை தப்பித்தது.

அப்புறம் சுவரில் ஈரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினோம். கீசருக்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் காக் வால்வை மட்டும் சில நாள் மூடி வைத்ததில் ஈரம் கோட்டைவிட்டு உள்ளே சுருங்கியது. ஆக, சுடுதண்ணீர் லைன். ஹேண்ட் பம்ப் மாட்டி அந்த லைனில் 5 கிலோ அழுத்தம் ஏற்றினார். கேஜ் முள் கண்ணெதிரே 3-க்கு இறங்கியது. ஷவருக்குக் கீழே இரண்டே டைல்ஸை உடைத்தோம். எல்போவின் (பைப் திரும்பும் வளைவுத் துண்டு) பித்தளை மரையில் மயிரிழை விரிசல். துடைத்துவிட்டுப் பார்த்தால் கடுகளவு துளி திரண்டு, பைப்பின் அடியில் ஓடி, கீழே பூச்சுக்குள் போகிறது. அதனால்தான் ஒழுகும் இடம் மேலே, ஓதம் கீழே.

எல்போ மலிவு. உடைத்த டைல்ஸுக்குத்தான் ஜோடி கிடைக்கவில்லை, அந்த மாடலே நின்றுபோச்சாம். இப்போது அங்கே இரண்டு பூப்போட்ட டைல்ஸ் இருக்கிறது. வருகிறவர்கள் டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெரம்பூர் தரைத்தளம்:
எங்களுக்குப் பைப் எல்லாம் சரி. மெட்ரோ வாட்டர் வந்து சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) நிரம்பிய மறுநாள் ஹால் சுவரில் ஓதம் ஏறும், மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்தால் குறையும். இதைக் கவனித்தது என் மாமியார். சம்பைக் காலி செய்து பார்த்தால், இன்லெட் பைப் சம்பின் சுவருக்குள் நுழையும் இடத்தில் சிமென்ட் விட்டுப்போயிருந்தது.

வேளச்சேரி:
வெயில் காலத்தில் மட்டும், அதுவும் காலையில் மட்டும் ஈரம் தெரிந்தால் ஏசியைப் பாருங்கள். எங்களுக்குச் சுவருக்குள் போகும் டிரெயின் பைப்பில் வழவழவென்று பாசி அடைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் உள்ளே வழிந்திருக்கிறது. மேல்வீட்டுக்காரரோடு அதற்குள் பெரிய சண்டையே நடந்து முடிந்துவிட்டது.

மடிப்பாக்கம்வாசி:
எங்கே கசிந்திருந்தாலும் சரி, அடைத்த உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். பொரிந்த பூச்சைக் கொத்திவிட்டுக் காயவிடுங்கள். ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பாருங்கள். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.