இரண்டாவது பந்துக்கும் 5/8தான் வருகிறது. பிறகு எப்படி அது சார்ந்த நிகழ்ச்சி?

படிக்க உதவும் அக்கா:

தம்பி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் படிப்பை முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மாலையில் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது நான்தான். நேற்று நிகழ்தகவில் ஓரிடத்தில் இருவரும் நின்றுவிட்டோம்.

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 நீலப் பந்துகள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? 5/8 × 4/7 = 5/14 என்று போட்டேன். முதல் பந்து வெளியே போய்விட்டதால் இரண்டாவது அதைச் சார்ந்தது என்றும் விளக்கினேன்.

அவன் விடவில்லை. "முதல் பந்தின் நிறத்தைப் பார்க்காமல் மூடி வைத்துவிட்டால், இரண்டாவது சிவப்பாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டான். மர வரைபடம் போட்டோம். முதலில் சிவப்பு வந்து அடுத்ததும் சிவப்பு என்றால் 20/56. முதலில் நீலம் வந்து அடுத்தது சிவப்பு என்றால் 15/56. கூட்டினால் 35/56, அதாவது 5/8. முதல் பந்துக்கும் அதே 5/8தானே! "வாய்ப்பு மாறவே இல்லை. அப்படியானால் இவை சார்பற்ற நிகழ்ச்சிகள்தானே? 5/8 × 5/8 = 25/64 என்றால் ஏன் தவறு?" என்கிறான்.

என்னிடம் பதில் இல்லை. தவறு என்று மட்டும் தெரிகிறது. எங்கே தவறு என்று காட்டத் தெரியவில்லை. "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லி அவன் வாயை அடைக்கவும் மனம் வரவில்லை.

சாக்பீஸ்:

முதல் பந்தைப் பார்த்தால் சார்ந்த நிகழ்ச்சி, பார்க்காவிட்டால் சார்பற்ற நிகழ்ச்சி. தம்பி பார்க்கவில்லை, அதனால் அவன் சொன்னதும் சரிதான் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்:

சாக்பீஸ் தம்பி, மன்னிக்க வேண்டும், அது சரியில்லை. நாம் பார்ப்பதாலோ பார்க்காததாலோ இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையிலான உறவு மாறாது. எட்டுப் பந்துகளுக்கும் எண் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் எது, அடுத்து எது என்று எழுதினால் 8 × 7 = 56 சோடிகள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. அவற்றில் இரண்டும் சிவப்பாக உள்ளவை 5 × 4 = 20. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் இருபது இருபதுதான். 20/56 = 5/14. தம்பி சொல்லும் 25/64 வர வேண்டுமானால் மொத்தம் 64 சோடிகள் வேண்டும். எடுத்த பந்தைத் திரும்பப் பையில் போட்டால்தான் அத்தனை கிடைக்கும்.

அம்மா, உங்கள் தம்பியின் கணக்கில் ஒரு தவறும் இல்லை. 5/8 என்பது உண்மையான விடை. ஒப்பிட்ட இடத்தில்தான் சறுக்கியிருக்கிறான். முதல் பந்தின் வாய்ப்பையும் இரண்டாவது பந்தின் வாய்ப்பையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் சமம் என்று பார்த்திருக்கிறான். சார்பற்ற தன்மைக்கு அது சோதனையே அல்ல. ஒப்பிட வேண்டியவை இவை: எதுவும் தெரியாத நிலையில் இரண்டாவது சிவப்பாக இருக்கும் வாய்ப்பு (5/8), முதலாவது சிவப்பு என்று தெரிந்த பின் அதே இரண்டாவது சிவப்பாக இருக்கும் வாய்ப்பு (4/7). இவை சமமாக இருந்தால் சார்பற்றவை. இங்கே சமமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முப்பது ஆண்டுகள் கற்பித்ததில் மாணவர்கள் அதிகம் தடுமாறியது இதில்தான். "முன்னால் நடந்தது பின்னால் வருவதைப் பாதிக்கிறது" என்று சொல்லிச் சொல்லியே நாம் அவர்களைக் குழப்பிவிடுகிறோம். முதல் பந்தை மூடி வையுங்கள். இரண்டாவதை எடுத்துப் பாருங்கள், சிவப்பு. இப்போது மூடி வைத்த முதல் பந்து சிவப்பாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? அதுவும் 4/7தான். பின்னால் எடுத்த பந்து முன்னால் எடுத்ததன் நிறத்தை மாற்ற முடியுமா? முடியாது. ஆனாலும் நம் கணிப்பை மாற்றுகிறது. சார்பு என்பது இந்தத் தகவல் உறவுதான். காலவரிசை அதில் இல்லை.

படிக்க உதவும் அக்கா:

ஐயா, கோடி நன்றி. சட்டைப் பொத்தான்களுக்கு எண் ஒட்டி 56 சோடிகளையும் நோட்டில் எழுதவைத்தேன். இரண்டாவது சிவப்பாக உள்ள 35 சோடிகளை வட்டமிட்டு, அதில் முதலாவதும் சிவப்பாக உள்ளவற்றை எண்ணினான். இருபது. 20/35 = 4/7. அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

அடுத்த சந்தேகம் என்னுடையது. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளுக்கு, அதாவது ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாதவற்றுக்கு, ஒன்றோடொன்று தொடர்பே கிடையாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியானால் அவை சார்பற்றவைதானே?

சாக்பீஸ்:

என்னைத் திருத்தியதற்கு நன்றி ஐயா. இதற்கு நான் முயல்கிறேன். நாணயத்தைச் சுண்டினால் தலை விழுவதும் பூ விழுவதும் ஒன்றையொன்று விலக்குபவை. பூவுக்கு வாய்ப்பு 1/2. தலை விழுந்துவிட்டது என்று தெரிந்தால் அது 0. ஒரே செய்தியில் பாதி வாய்ப்பும் போய்விடுகிறது, இதைவிட நெருங்கிய சார்பு எது? சார்பற்றவை என்றால் இரண்டின் வாய்ப்பையும் பெருக்கினால் இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பு வர வேண்டும். பெருக்கிப் பார்த்தாலும் 1/2 × 1/2 = 1/4; இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்போ 0. ஆகவே சார்ந்த நிகழ்ச்சிகள்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்:

மிகச் சரி. வாய்ப்பே பூஜ்யமாக உள்ள நிகழ்ச்சி மட்டும் விதிவிலக்கு.

தாயம் ஆடுபவர்:

பந்தும் பையும் சலித்துவிட்டால் தம்பிக்குத் தாயக்கட்டையைக் கொடுங்கள் அக்கா. எங்கள் வீட்டுப் பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: 1, 2, 3 புள்ளிகள், ஒன்று வெற்றுப் பக்கம். இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விளைவுகள். தாயம் விழ ஒன்றில் 1, மற்றதில் வெற்று. அதற்கு 2/16, அதாவது 1/8.

கட்டைகளுக்கு வேறு வேறு அடையாளம் வைத்து, முதல் கட்டையில் 1 என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தாயத்தின் வாய்ப்பு 1/8லிருந்து 1/4 ஆகிவிடுகிறது. எனவே சார்ந்தவை. இனி மூன்று விழுவதை எடுங்கள்: வெற்றும் 3உம், 1உம் 2உம், 2உம் 1உம், 3உம் வெற்றும். 4/16 = 1/4. முதல் கட்டையில் 1 என்று தெரிந்தாலும் மூன்று விழ 1/4தான். வெற்று என்று தெரிந்தாலும் 1/4தான். கூட்டுத்தொகை முதல் கட்டையையும் சேர்த்துத்தானே வருகிறது, பார்த்த உடனே சார்ந்தது என்று சொல்லத் தோன்றும். கணக்கு சார்பற்றது என்கிறது! சிறு வயதிலிருந்து ஆடும் எனக்கே இது தெரிந்த அன்று தூக்கம் வரவில்லை.

நூலகத்தில் வேலை:

இந்த இழையைப் படித்தபோது ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு கைக்குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவரே கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவருடையது போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க வாய்ப்பு 8,543இல் 1. அதை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 7.3 கோடியில் 1 என்று ஒரு மருத்துவ நிபுணர் சாட்சியம் சொன்னார். 1999இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை.

இரண்டும் சார்பற்ற நிகழ்ச்சிகளாக இருந்தால்தானே பெருக்கலாம்? ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே மரபணு வழி. முதல் குழந்தை அப்படி இறந்த வீட்டில் இரண்டாவதற்கும் அதே 8,543இல் 1 என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. அரச புள்ளியியல் கழகம் 2001இல் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. நீதிமன்றத்திடம் காட்டப்படாத மருத்துவச் சோதனை முடிவு ஒன்று பின்னர் வெளிவந்து, 2003இல் அவர் விடுதலையானார். 2007இல் இறந்துவிட்டார். உங்கள் தம்பி 25/64 ஏன் தவறு என்று விடாமல் கேட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த நீதிமன்றத்திலும் யாராவது அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

படிக்க உதவும் அக்கா:

இதைப் படித்துவிட்டு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிறகு பாட்டியின் தாயக்கட்டையை எடுத்து வந்தான். அவன் கேள்வி இது: முதல் கட்டையில் 1, இரண்டாவது கட்டையில் 2, மொத்தம் மூன்று. இந்த மூன்று நிகழ்ச்சிகளில் எந்த இரண்டை எடுத்தாலும் சார்பற்றவையாக இருக்கின்றன. அப்படியானால் மூன்றையும் சேர்த்தும் சார்பற்றவை என்று சொல்லலாமா?

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்:

அவனிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள் அம்மா. கல்லூரியில் வர வேண்டிய கேள்வி இது. சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் வாய்ப்பும் 1/4. மூன்றையும் பெருக்கினால் 1/64. ஆனால் முதலில் 1, அடுத்ததில் 2 என்று விழுந்தாலே மொத்தம் மூன்று தானாக வந்துவிடுகிறது. ஆகவே மூன்றும் சேர்ந்து நடக்க வாய்ப்பு 1/16. சோடி சோடியாகச் சார்பற்றவை, மூன்றுமாகச் சேர்த்தால் அல்ல. மூன்று நிகழ்ச்சிகள் என்றால் மூன்று சோடிகளையும் சோதித்து, மூன்றும் சேர்ந்ததையும் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆக நான்கு சமன்பாடுகள். நான்கு நிகழ்ச்சிகளுக்கு எத்தனை சமன்பாடுகள் வேண்டும் என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை இங்கே எழுதட்டும், நான் காத்திருக்கிறேன்.

படிக்க உதவும் அக்கா:

பதினொன்று என்கிறான் ஐயா. சோடிகள் 6, மூன்று மூன்றாக 4, நான்கும் சேர்த்து 1.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்:

சரியான விடை.