பாக்ஸ்டர் காலையில் ஸ்டார்ட் பண்ணினா புகை – அவசர உதவி

வன்னிப்பெடியன்:
பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒண்டு எடுத்தனான். காலமை ஸ்டார்ட் பண்ணினா பின்னால ஒரே புகை. எஞ்சின் போட்டுதோ? தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

ஆறுசிலிண்டர்:
எந்த வருஷம்? எஞ்சின் 2.5 லிட்டரா, 2.7ஆ, 3.2ஆ? புகை என்ன நிறம், எவ்வளவு நேரம் வருது? தினமுமா, நாலஞ்சு நாள் நிறுத்தி வெச்சா மட்டுமா? வண்டி நிக்கிற இடம் சரிவா? கூலன்ட் குறையுதா? இதெல்லாம் தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

டர்போமணி:
ஐ.எம்.எஸ். பேரிங்தான், எஞ்சினுக்குள்ள இடைத்தண்டைத் தாங்குற பேரிங். சந்தேகமே வேணாம். வித்துடுங்க.

மூத்தவர்996:
ஐ.எம்.எஸ். பேரிங் போனால் புகை வராது, ஆயில் ஃபில்டரில் உலோகத் துகள் வரும். படித்துவிட்டு எழுதுங்கள். இது படுக்கை எஞ்சின். சிலிண்டர்கள் கிடையாக இருப்பதால், வண்டி நிற்கும்போது ஆயில் பிஸ்டன் ரிங் இடைவெளி வழியாக எரியறைக்குள் கசியும். சில நாள் நின்ற வண்டி நீலப் புகையை ஒரு தடவை கக்கிவிட்டு அரை நிமிடத்தில் அடங்கினால் அது கோளாறே இல்லை. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் போர்ஷே வாங்கக் கூடாது.

ஆறுசிலிண்டர்:
தெரியாமத்தானே சார் கேக்குறார்.

வன்னிப்பெடியன்:
2003, 2.7. நீலமும் வெள்ளையும் கலந்த மாதிரி. ஒவ்வொரு நாளும் ரெண்டு மூண்டு நிமிசம் வருது. கூலன்ட் குறையேல்லை. சமதரைதான்.

ஸ்பேனர்செட்:
தினமும் ரெண்டு மூணு நிமிஷம்னா மூத்தவர் சொன்ன சாதாரணப் புகை இல்லை. கூலன்ட் குறையலைன்னா, அது சிலிண்டருக்குள்ள கசியாம அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். முதல்ல ஆயில் அளவு பாருங்க. சமதளத்துல, எஞ்சினை நிறுத்தி ஆயில் கீழ இறங்க நேரம் விட்டு, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. டேஷ்போர்டு காட்டுறதை மட்டும் நம்பாதீங்க. இதுல 8 லிட்டருக்கு மேல ஆயில் பிடிக்கும். மேல் கோட்டைத் தாண்டி ஊத்திட்டா ஏ.ஓ.எஸ்., அதாவது காற்றையும் ஆயிலையும் பிரிக்கிற டப்பா, சமாளிக்க முடியாம ஆயிலை இன்டேக்குக்கு, அதாவது எஞ்சினுக்குக் காத்து போற வழிக்குத் தள்ளிடும்.

அளவு சரியா இருந்தா அந்த டப்பாவையே சந்தேகப்படுங்க. உள்ள இருக்கிற ரப்பர் சவ்வு கிழிஞ்சா எஞ்சினோட அடிக்கூடான கிராங்க்கேஸ்ல வெற்றிடம் கூடிரும். சூடான எஞ்சின் ஐடில்ல ஓடும்போது பின் டிக்கியில இருக்கிற ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. மூடி கழண்டு வராம உள்பக்கமா பலமா இழுத்துப் பிடிச்சா சவ்வு போயிருக்கும். மூடி திறந்ததும் ஐடில் தடுமாறும், நல்ல எஞ்சின்லயும் அப்படித்தான், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அளந்து பாக்கணும்னா பழைய மூடி ஒண்ணுல ஓட்டை போட்டு தெளிவான பிளாஸ்டிக் குழாயை காத்து புகாம சொருகி, U வடிவத்துல பலகையில கட்டி, பாதி தண்ணி விடுங்க. ரெண்டு பக்க மட்டத்துக்கும் 10–15 செ.மீ. வித்தியாசம்னா நல்லது, 20க்கு மேல போனா மாத்தணும். குழாயின் ஒவ்வொரு கையும் அரை மீட்டராவது இருக்கட்டும், இல்லைன்னா தண்ணி எஞ்சினுக்குள்ள போயிரும்.

அதுவரை ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க. இன்டேக்ல தேங்கின ஆயில் மொத்தமா சிலிண்டருக்குள்ள போனா கனெக்டிங் ராடே வளையும்.

டர்போமணி:
10W-60 ஊத்துங்க. கெட்டியான ஆயில் கசியாது.

மூத்தவர்996:
தவறு. குளிரில் அந்த ஆயில் மேலே ஏறவே நேரமாகும், அதுவரை பாகங்கள் தேயும். போர்ஷே ஏ40 அங்கீகாரம் உள்ள 0W-40 போதும்.

டர்போமணி:
0ன்னா தண்ணி மாதிரி சார். அதான் கசியுது.

மூத்தவர்996:
W-க்கு முன்னால் இருப்பது குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. சூடான எஞ்சினில் 0W-40ம் 5W-40ம் ஒரே 40 தரம்தான். இதையும் நான்தான் சொல்லித்தர வேண்டுமா?

டர்போமணி:
அப்ப 60 கெட்டிதானே? நான் சொன்னதும் அதான்.

ஆறுசிலிண்டர்:
ஆயில் சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. வன்னி, அளவு பாத்தீங்களா?

வன்னிப்பெடியன்:
பாத்தன் அண்ணை. மேல் கோட்டைத் தாண்டி நிண்டது. விக்கிறதுக்கு முன்னம் ஆயில் மாத்தின ஆக்கள் கூட ஊத்தியிருக்கினம். ஒரு லிட்டர் மட்டில வடிச்சன். தண்ணிக் குழாயில 12 செ.மீ. இப்ப கொஞ்சம்தான் புகைக்குது. நன்றி.

ஸ்பேனர்செட்:
அப்ப ஏ.ஓ.எஸ். நல்லாத்தான் இருக்கு. மிச்சப் புகை இன்டேக்ல ஒட்டின ஆயில். இன்டேக்ல காத்தோட அளவைக் கட்டுப்படுத்துற த்ராட்டில் பாடியைக் கழட்டித் துடைங்க, ரெண்டு வாரம் ஓட்டுங்க. அப்புறமும் வந்தா ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி வரிசையா வைங்க. எல்லாம் ஈரம்னா மறுபடி இன்டேக்கைப் பாருங்க. ஒண்ணு மட்டும் ஈரம்னா அந்த சிலிண்டருக்குள்ள கேமரா விட்டு, சுவர்ல நீளவாட்டுல கீறல் இருக்கான்னு பாக்கணும். ஆயில் வடிக்கக் கழட்டின அடி பிளக்குக்குப் புது வாஷர் போட்டீங்களா? 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு வெச்சீங்களா?