வீடு இல்லாதவருக்கு ஓட்டும் இல்லை

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் வாழ்ந்தவர்கள், அங்குள்ள கத்தோலிக்க–புராட்டஸ்டண்ட் பிளவைப் பற்றித் தாங்கள் நேரில் கண்டதை எழுதும்படி கேட்டிருந்தீர்கள். முதியோரை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் வேலையில் அந்நகரில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். தூத்துக்குடியில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்து, புராட்டஸ்டண்டுகளான சி.எஸ்.ஐ. வீட்டுத் தோழிகளோடு கிறிஸ்துமஸ் பலகாரம் மாற்றிக்கொண்டு வளர்ந்தவள் நான். அதனாலேயே வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஒரு படிவம் என்னைத் திகைக்க வைத்தது. புராட்டஸ்டண்ட் சமூகமா, ரோமன் கத்தோலிக்கச் சமூகமா, இரண்டும் இல்லையா என்று அதில் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். வேலை தருவதில் பாகுபாடு நடக்கிறதா என்று கண்காணிக்கவே சட்டம் அதைக் கேட்கிறது என்பதும், ஒருவர் பதில் எழுதாவிட்டால் அவர் படித்த தொடக்கப் பள்ளியைக் கொண்டு இன்ன தரப்பினர் என்று கணித்துக்கொள்ள இடமுண்டு என்பதும் பிறகுதான் தெரிந்தன. பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் தத்தம் சமூகத்தின் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

நான் தினமும் போன வீடுகளில் இரண்டு, ஒரே சுவரின் இரு புறங்களில் இருந்தன. ஸ்பிரிங்ஃபீல்டு சாலைப் பக்கம் டெரி என்ற நகரில் பிறந்த ஒரு கத்தோலிக்க மூதாட்டி. ஷாங்கில் பக்கம் ஒரு புராட்டஸ்டண்ட் பெரியவர். நடுவில், 1969 கலவரத்துக்குப் பின் இரு தரப்பையும் பிரித்து வைக்க எழுப்பப்பட்டு, பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்ட 'அமைதிச் சுவர்'. லானார்க் வே என்ற தெருவில் அதற்கு ஒரு இரும்புக் கதவு உண்டு, இரவில் பூட்டிவிடுவார்கள். கதவு திறந்திருந்தால் சில நிமிடம். பூட்டிவிட்டால் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

மூதாட்டி தம் ஊரை டெரி என்பார். பெரியவர் அதே ஊரை லண்டன்டெரி என்பார். ஒரு நாள் மருந்துச் சீட்டிலிருந்த பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்தபோது, ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தை நம் ஊர் வழக்கப்படி 'ஹெச்' என்றேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, நீ கத்தோலிக்கப் பெண்ணா என்று கேட்டார். அங்கே கத்தோலிக்கர் அதை 'ஹேச்' என்றும் புராட்டஸ்டண்டுகள் 'ஏச்' என்றும் உச்சரிப்பது வழக்கமாம். ஆம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார், சட்டையை மாட்டிவிட்டேன்.

பைபிளைப் பற்றியோ பூசையைப் பற்றியோ அவர்கள் இருவரும் என்னிடம் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் வீட்டைப் பற்றியும் ஓட்டைப் பற்றியும்தான். 1921இல் அயர்லாந்தைப் பிரித்தபோது, புராட்டஸ்டண்டுகள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக இருக்கும்படி ஆறு மாவட்டங்களை மட்டும் வட அயர்லாந்தாகப் பிரிட்டனோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆறுக்குள் கத்தோலிக்கர் அதிகமாக வாழ்ந்த டெரி நகரின் மன்றத்திலோ, பிரிட்டனோடு இருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான ஒன்றியவாதிகளுக்கு 12 இடங்கள், அயர்லாந்தோடு சேர விரும்பிய, பெரும்பாலும் கத்தோலிக்கரான தேசியவாதிகளுக்கு 8 இடங்கள் என்று வரும்படி வார்டுகளின் எல்லைகள் வரையப்பட்டிருந்தன. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டின் சொந்தக்காரர் அல்லது வாடகைதாரர், அவருடைய துணை ஆகியோருக்கே ஓட்டு. ஒண்டிக் குடியிருப்பவருக்கும், பெற்றோருடன் வாழும் வயது வந்த பிள்ளைகளுக்கும் இல்லை. ஆகவே ஒரு குடும்பத்துக்கு நகர மன்றம் வீடு கொடுப்பது ஓட்டைக் கொடுப்பதாகவே ஆனது. வீடு கொடுக்கத் தயங்கியதன் காரணமும் அதுதான். 1968இல் கலிடன் என்ற சிற்றூரில், வீட்டுக்காகக் காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களை விட்டுவிட்டு, மணமாகாத 19 வயதுப் புராட்டஸ்டண்ட் பெண் ஒருவருக்கு வீடு ஒதுக்கப்பட்டதைக் கண்டித்து, சட்டமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்தார். அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று டெரியில் குடிமை உரிமைகள் கேட்டுச் சென்ற ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்துக் கலைத்தது. பின் வந்த முப்பது ஆண்டு மோதலில் 3,500 பேருக்கு மேல் மாண்டார்கள்.

மூதாட்டி எட்டு ஆண்டுகள், மாமியார் வீட்டின் பின்னறையில் நான்கு பிள்ளைகளோடு இருந்தவர். "எனக்கு இருபத்தொன்பது வயது, ஓட்டு இல்லை" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பெரியவர் வீட்டில், புராட்டஸ்டண்டுகள் ஆண்டுதோறும் நடத்தும் ஜூலை 12 ஊர்வலத்துக்கு முன்தினம், மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்த ஊர்வலத்தில் தோளில் அணியும் ஆரஞ்சு நிறத் துணிப்பட்டியை எடுத்து, சரிகை விளிம்பு கசங்காமல் மேசையில் விரித்துத் தரச் சொன்னார். விரித்துக்கொண்டிருக்கும்போது, பெயரும் தெருவும் குறிப்பிடாமல், எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு இப்படி ஓட்டில்லாமல் போனது என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மணமாகித் தாமும் மாமியார் வீட்டில் ஒண்டிக் குடியிருந்ததாகவும், தமக்கும் மன்றத் தேர்தலில் ஓட்டு இருந்ததில்லை என்றும் சொன்னார். இது நம் அரசாங்கம் என்று சொல்லியே தங்களை வளர்த்ததால், அதைக் குறையென்று கேட்கவே தோன்றவில்லையாம்.

"அந்த அம்மாவுக்கு எத்தனை வருடம்?" என்று கேட்டார்.

எட்டு என்றேன்.

"எங்களுக்கு ஆறு" என்றார்.

மறுநாள் சுவரின் அந்தப் பக்கம் போனபோது இதை மூதாட்டியிடம் சொன்னேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "கடைசியில் அவருக்கு வீடு கிடைத்ததா?"